கணினிக்குள் தங்கியிருக்கும் பாஸ்வேர்டுகளும் சான்றிதழ்களும்: ஒரு மாலையில் சரிபார்க்க முழு வழிகாட்டி

ஜூன் மாதம் குன்னூர்ப் பக்கம் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் எங்காவது ஒரு கற்பூர மரம் மின்கம்பி மேல் சாய்ந்துவிடும். அப்படி ஒரு முறை மூன்று நாள் கரண்ட் இல்லை. நான்காம் நாள் காலையில் என் கணினியைப் போட்டேன். வங்கித் தளம், ஜிஎஸ்டி தளம், மின்னஞ்சல் என்று எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற சிவப்பு எச்சரிக்கை. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட 20-ஆம் தேதி கடைசி, கையில் இரண்டே நாள். கணினி பழுது பார்ப்பவருக்கு போன் போட்டால், “அட்வான்ஸ்டுனு ஒண்ணு இருக்கும் மேடம், அதை அழுத்தி உள்ள போயிடுங்க, ஒண்ணும் ஆகாது” என்றார்.

அழுத்தப் போன நேரத்தில் திரையின் வலது மூலை கண்ணில் பட்டது. தேதி 2012 ஜனவரி என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் இருந்தவரை தெரியவில்லை, மூன்று நாள் நின்றதும் கணினிக்கு நாள் மறந்துவிட்டது. புது பேட்டரி போட்டுத் தேதியைச் சரிசெய்ததும் எல்லாத் தளமும் திறந்தன.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் யார் என்று தளத்துக்குக் காட்டுவது பாஸ்வேர்டு. அந்தத் தளம் யார் என்று எனக்குக் காட்டுவது சான்றிதழ். முதலாவதைப் பொத்திப் பொத்தி வைக்கிறோம், இரண்டாவது எச்சரித்தால் தாண்டிப் போகிறோம். ஆனால் தளம் போலியாக இருந்தால், எவ்வளவு கெட்டியான பாஸ்வேர்டையும் நாமே கொண்டுபோய்த் திருடன் கையில் கொடுத்துவிடுவோம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டுமே நம் கணினிக்குள், நாம் திறந்தே பார்க்காத பெட்டிகளில் கிடக்கின்றன.

தேயிலை வியாபாரிகள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், சிறு ஒப்பந்ததாரர்கள் ஆகியோருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அவர்கள் கணினி முன் உட்கார்ந்தால் நான் செய்யும் வேலைகளை, செய்யும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் விண்டோஸை வைத்தே சொல்கிறேன். மேக் வைத்திருப்பவர்களுக்கு பாஸ்வேர்டுகள் ‘பாஸ்வேர்ட்ஸ்’ செயலியிலும், சான்றிதழ்கள் ‘கீசெயின் அக்சஸ்’ என்பதிலும் இருக்கும். பார்க்க வேண்டிய விஷயங்கள் அதே.

முதலில் கணினியின் வாசல்

பிரவுசர் சேமிக்கும் பாஸ்வேர்டுகள் உங்கள் விண்டோஸ் கணக்கின் பூட்டுக்குள்தான் இருக்கின்றன. அந்தக் கணக்குக்குப் பூட்டே இல்லையென்றால் உள்ளே செய்வது எல்லாம் வீண். அதனால் விண்டோஸுக்கு ஒரு பின் எண் போடுங்கள். வீட்டில் பிள்ளைகளும் அதே கணினியில் உட்கார்ந்தால் அவர்களுக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தும் பழக்கம் வேண்டும். அறை வாடகைக்கு விடுபவர்கள், விருந்தினர் “ஒரு டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கிறேன்” என்று கேட்டால் உங்கள் கணக்கில் உட்கார வைக்காதீர்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நீங்களே பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.

பிரவுசருக்குள் இருக்கும் பட்டியல்

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, பாஸ்வேர்டுகள் பற்றிய வரியைத் தேடி, ‘கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர்’ திறங்கள். எட்ஜிலும் மூன்று புள்ளிதான், செட்டிங்ஸுக்குள் பாஸ்வேர்டு பகுதி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோட்டை அழுத்தினால் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்று வரும்.

பட்டியலைப் பார்த்ததும் பெரும்பாலானோர் கொஞ்சம் அதிர்ந்துதான் போகிறார்கள். கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணன் ஒருவர் கணினியில் நூற்றுக்கு மேல் இருந்தன. அறை முன்பதிவுத் தளம், மின்கட்டணம், ரயில் டிக்கெட், எப்போதோ மகனுக்காகத் திறந்த தேர்வுத் தளம் என்று எல்லாம் கலந்து கிடந்தன. கண் படத்தை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். “எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதாம்மா, அப்பத்தான் மறக்காது” என்றார். வீட்டுப் பெயரும் 123-ம். அந்த வீட்டுப் பெயர் சாலையோரப் பலகையிலேயே இருக்கிறது.

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். மறந்துபோன ஒரு தளத்திலிருந்து பாஸ்வேர்டு கசிந்தால், அதே மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் வைத்து மற்ற தளங்களில் நுழைந்து பார்ப்பதைத் திருடர்கள் ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். அதை மனிதர் உட்கார்ந்து செய்வதில்லை, நிரல்தான் செய்கிறது. தேர்வுத் தளத்தில் போட்ட பாஸ்வேர்டு வங்கிக் கதவைத் திறப்பது இப்படித்தான்.

முதலில் ‘செக்கப்’ என்பதை ஓடவிடுங்கள். கசிந்தவை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவை, பலவீனமானவை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். மாற்றும் வரிசை முக்கியம். முதலில் மின்னஞ்சல். ஏனென்றால் மற்ற எல்லாத் தளங்களும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ என்று கேட்டால் அங்கேதான் இணைப்பு அனுப்பும். மின்னஞ்சல் போனால் எல்லாம் போனது மாதிரி. அடுத்து வங்கி, அப்புறம் வருமான வரி, ஜிஎஸ்டி, செல்போன் சிம் நிறுவனத்தின் கணக்கு. தேவைப்படாத தளங்களில் உள்ளே போய்க் கணக்கையே மூடுங்கள். பட்டியலில் மட்டும் அழித்தால் தளத்தில் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வேலை உண்டு. செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் ‘பிரைமரி பாஸ்வேர்டு’ போடுங்கள். அது இல்லையென்றால், உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் கோப்புறையை யாராவது ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு போனாலே எல்லா பாஸ்வேர்டும் அவர்கள் கையில்.

விண்டோஸின் சொந்தப் பெட்டி

இது பலருக்கும் தெரியாத இடம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்று தட்டச்சு செய்தால் வரும். வெப், விண்டோஸ் என இரண்டு பகுதிகள். விண்டோஸ் பகுதியில் அலுவலகத்துக்குள் பகிர்ந்த கணினிகள், அவுட்லுக், ஆபிஸ் போன்றவற்றின் நுழைவுகள் தங்கியிருக்கும்.

பக்கத்துக் கணினியின் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் ‘அனுமதி இல்லை’ என்று திரும்பத் திரும்ப வந்தால் காரணம் இங்கே இருக்கும். பழைய பாஸ்வேர்டையே விண்டோஸ் விடாமல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வரியைத் திறந்து ‘ரிமூவ்’ கொடுத்தால் அடுத்த முறை புதிதாகக் கேட்கும். வேலையை விட்டுப் போனவர் பெயரில் இருப்பவற்றையும் நீக்குங்கள். பெயரே புரியாத வரிகளைத் தொட வேண்டாம், அவற்றில் சில விண்டோஸ் தனக்காக வைத்திருப்பவை.

ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது

மூன்று பிரவுசரில் மூன்று பட்டியல், போனில் ஒன்று என்று சிதறிக் கிடப்பது நல்லதில்லை. குரோம் ஒன்றையே பயன்படுத்துகிறீர்கள், கூகுள் கணக்கை இரட்டைப் பூட்டோடு (பாஸ்வேர்டுக்கு மேல் ஓர் எண்ணையும் கேட்கும் முறை) வைத்திருக்கிறீர்கள் என்றால் அதிலேயே இருக்கலாம். இல்லையென்றால் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைப்பதற்கென்றே உள்ள தனி மேனேஜர் செயலி ஒன்றுக்கு மாறுங்கள். நான் இரண்டைப் பரிந்துரைப்பேன். கீபாஸ்எக்ஸ்சி இணையமே இல்லாமல் ஒரே ஒரு பூட்டிய கோப்பாக உங்கள் கணினியில் இருக்கும். மழைக்கு நெட் போய்ப் போய் வரும் எங்கள் பக்கத்துக்கு இது பொருத்தம். ஆனால் கணினி கெட்டால் கோப்பும் போகும், எனவே பென் டிரைவில் ஒரு நகல் கட்டாயம். பிட்வார்டன் போனுக்கும் கணினிக்கும் தானே ஒத்திசைந்துகொள்ளும். இரண்டும் இலவசமாகவே கிடைக்கும்.

மாறும்போது பழைய பிரவுசரிலிருந்து ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டியிருக்கும். இங்கே மிகவும் கவனம். வெளியே வரும் சிஎஸ்வி கோப்பில் உங்கள் எல்லா பாஸ்வேர்டும் பூட்டு எதுவும் இல்லாமல் வெற்று எழுத்தாக இருக்கும், எக்செலில் திறந்தால் வரிசையாகத் தெரியும். அதை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைத்தால், ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு ஓடும் கணினியில் அங்கேயும் ஒரு நகல் போய்விடக்கூடும். டவுன்லோட்ஸில் வைத்து, உடனே புது மேனேஜரில் ‘இம்போர்ட்’ செய்து, சரியாக வந்ததா என்று நாலைந்தைச் சோதித்துவிட்டு, ஷிஃப்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்தி அழியுங்கள். பிறகு பழைய பிரவுசரில் சேமித்தவற்றை நீக்கி, ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா’ என்று அது கேட்பதையும் நிறுத்திவிடுங்கள்.

மேனேஜரைத் திறக்கும் தாய்ச் சாவி ஒன்றை மட்டும் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுக்குங்கள். கம்பளி, ஏணி, மிளகு, தபால், ஓணான் என்பது போல. பாட்டு வரியோ பழமொழியோ வேண்டாம், அவை ஊகிக்கக் கூடியவை. குறியீடுகளைத் திணித்த எட்டு எழுத்தை விட நீளமானது வலுவானது, நினைவிலும் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய விதியையும் விட்டுவிடலாம். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும்தான் கூட்டுகிறார்கள்.

தாய்ச் சாவியை ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வைப்பதில் தவறே இல்லை. உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டாருக்கும் அதுதான் வழி. மலையின் ஈரத்துக்குத் தாள் பூஞ்சணம் பிடித்து மை ஊறிவிடும். பென்சிலில் எழுதி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நான் பார்த்த பல கடைகளில் திரைக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஓடிபியும் சிக்னலும்

இரட்டைப் பூட்டு போடுங்கள் என்று சொன்னால் எஸ்டேட் பக்கம் இருப்பவர்கள் சொல்வது, “மேட்டுக்கு ஏறிப் போனாத்தான் ஓடிபி வருது.” உண்மைதான். ஆனால் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு சிக்னலே வேண்டாம். முதல் முறை கியூஆர் குறியை ஸ்கேன் செய்யும்போது தளமும் உங்கள் போனும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்புறம் அந்த ரகசியத்தையும் கடிகார நேரத்தையும் வைத்து 30 நொடிக்கு ஒரு முறை போன் தானே ஆறு இலக்க எண்ணைக் கணக்கிடும். போனின் நேரம் சரியாக இருந்தால் போதும். கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு இதையே வையுங்கள். வைக்கும்போது தரப்படும் மாற்று எண்களைப் பிரிண்ட் எடுத்து அதே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். போன் தொலைந்த நாளில் அதுதான் கைகொடுக்கும்.

சிவப்பு எச்சரிக்கை வந்தால்

இனி சான்றிதழ். ஒரு சான்றிதழில் மூன்று விஷயங்கள் பார்த்தால் போதும்: எந்தத் தளத்துக்குக் கொடுக்கப்பட்டது, எதுவரை செல்லும், யார் கொடுத்தது. குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் முன்பு பூட்டு இருந்தது. 2023-இல் அதை எடுத்துவிட்டு இரண்டு சறுக்குக் கோடுகள் போன்ற படத்தை வைத்தார்கள். அதை அழுத்தி, இணைப்பு பாதுகாப்பானது என்ற வரிக்குள் போனால் சான்றிதழ் திறக்கும்.

பூட்டை எடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. பூட்டு இருந்தால் தளம் நேர்மையானது என்று மக்கள் நம்பினார்கள். அது அப்படி இல்லை. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, முகவரியில் உள்ள பெயருக்கு உரிய தளம்தான் இது, அவ்வளவுதான் சான்றிதழ் சொல்லும். போலித் தளம் நடத்துபவரும் தன் போலிப் பெயருக்கு முறையான சான்றிதழை இலவசமாக வாங்கலாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்ததே, அதுபோன்ற ஒரு பெயரில் யாராவது பணம் கேட்கும் பக்கம் தொடங்கினாலும் அதற்கும் எச்சரிக்கை வராது. இ-பாஸ் இலவசம். உங்கள் விருந்தினருக்கு அரசுத் தளத்தின் சரியான இணைப்பை நீங்களே அனுப்பிவிடுங்கள், தேடி எடுக்கச் சொல்ல வேண்டாம். முகவரியைப் படிக்கும்போது தொடக்கத்தில் வரும் https:// என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் உள்ள கடைசிப் பகுதியைப் பாருங்கள், உண்மையான சொந்தக்காரர் பெயர் அங்கேதான் இருக்கும்.

எச்சரிக்கை வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். எல்லாத் தளத்திலும் வந்தால் பெரும்பாலும் கடிகாரம்தான். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு, கணினியின் தேதி அதற்கு வெளியே போனால் சான்றிதழ் செல்லாது என்று அது நினைத்துவிடும். செட்டிங்ஸில் நேரம் பகுதிக்குப் போய் ‘சிங்க் நவ்’ கொடுங்கள். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நேரம் பின்னால் போனால் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்ற வேண்டும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் அதுதான், மடிக்கணினியில் வேறாக இருக்கலாம். சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருவதால் கடிகாரம் இன்னும் முக்கியமாகிறது. 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாள் என்று ஆனது. 2026 மார்ச் 15-லிருந்து 200 நாள், 2029 மார்ச்சிலிருந்து 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் வந்தால் அந்தத் தளம் புதுப்பிக்க மறந்திருக்கலாம். பாஸ்வேர்டோ பணமோ தேவையில்லாத பக்கம் என்றாலும் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். வங்கி, வரி, மின்னஞ்சல் என்றால் தாண்டவே கூடாது. பேருந்து நிலையத்திலோ விடுதியிலோ பொது வைஃபையில் இருக்கும்போது மட்டும் எச்சரிக்கை வந்தால், வைஃபையைத் துண்டித்து போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே வரவில்லையென்றால் கோளாறு அந்த வைஃபையில்.

தாண்டலாம் என்று நான் சொல்லும் இடம் ஒன்றுதான். முகவரி 127.0.0.1 என்று இருந்தால் அது உங்கள் கணினியே. ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போட எம்சைனர் என்ற சிறு மென்பொருள் நம் கணினிக்குள் ஓடுகிறது, அதற்காக இந்த முகவரியை அனுமதிக்க வேண்டி வரலாம். அந்த மென்பொருளை ஜிஎஸ்டி தளத்திலிருந்து நீங்களே இறக்கியிருந்தால் மட்டும் அனுமதியுங்கள்.

சான்றிதழ் கிடங்கு

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் certmgr.msc என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். இடப்பக்கம் கோப்புறைகள் வரிசையாக வரும். ‘பர்சனல்’ உங்களுடையது. ‘டிரஸ்டட் ரூட்’ என்பது உங்கள் கணினி கண்ணை மூடிக்கொண்டு நம்பும் வேர்ச் சான்றிதழ்களின் பட்டியல். இதில் இருக்கும் எவர் கையொப்பமிட்டாலும் கணினி கேள்வி கேட்காது.

அந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். 2014 ஜூலையில், இந்திய அரசின் தேசியத் தகவல் மையம் நடத்திய சான்றளிப்பு அமைப்பிலிருந்து கூகுளின் தளப் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கூகுள் ஜூலை 2-ஆம் தேதி கண்டுபிடித்தது, மறுநாளே, சான்றளிப்பு அமைப்புகளைக் கண்காணிக்கும் இந்தியக் கட்டுப்பாட்டாளர் அந்த அமைப்பின் இடைநிலைச் சான்றிதழ்களை (வேருக்கும் தளத்துக்கும் நடுவில் நின்று கையொப்பமிடுபவை) ரத்து செய்தார். இந்திய வேர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால் விண்டோஸ் அந்தப் போலிகளை நம்பியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது, அதில் இந்திய வேர் இல்லை, அதனால் அதற்குப் பாதிப்பில்லை. குரோமும் இப்போது தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் கணினியில் யாராவது கையால் சேர்த்த வேரை அதுவும் மதிக்கும். நாம் தேட வேண்டியது அந்தக் கையால் சேர்த்தவற்றைத்தான்.

எப்படித் தேடுவது? யார் பெயருக்கு, எதுவரை என்ற நெடுவரிசைகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். சில ஆன்டிவைரஸ்கள் இணையப் போக்குவரத்தைச் சோதிக்கத் தங்கள் வேரைச் சேர்க்கும், நீங்கள் அதைப் பயன்படுத்தினால் சரி. நீக்கிவிட்ட ஆன்டிவைரஸின் வேர் மட்டும் மிச்சம் இருந்தால் அது தேவையில்லை. திருட்டு மென்பொருள், இலவச விபிஎன், விளம்பரத் தடுப்பான் என்ற பெயரில் வந்த வேர் இருந்தால் அதுதான் ஆபத்து. அதை வைத்திருப்பவர் உங்கள் வங்கிப் பக்கத்தையே நடுவில் திறந்து படிக்கலாம், எச்சரிக்கை எதுவும் வராது. அப்படி ஒன்றைக் கண்டால் முதலில் அந்த மென்பொருளை நீக்கி, பிறகு வேரை அழித்து, வேறு ஒரு சுத்தமான கணினியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

காலாவதியானது என்பதற்காக மட்டும் வேர்களை அழிக்காதீர்கள். பழைய மென்பொருள்களின் கையொப்பத்தைச் சரிபார்க்க விண்டோஸுக்கே சில காலாவதி வேர்கள் தேவைப்படுகின்றன. சந்தேகம் இருந்தால் வலது சொடுக்கில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு நீக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸின் தனியுரிமைப் பகுதியில் ‘வியூ சர்டிஃபிகேட்ஸ்’ என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கையொப்பம் யார் மேசையில் இருக்கிறது

கம்பெனி நடத்துபவர்கள், டெண்டர் போடுபவர்களிடம் யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் இருக்கும். டோக்கனைச் செருகினால் மேலே சொன்ன ‘பர்சனல்’ பகுதியில் உங்கள் பெயரில் தெரியும். 2021 ஜனவரியிலிருந்து, உயர்ந்த பாதுகாப்பு நிலையான வகுப்பு 3 மட்டும்தான் கொடுக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. வாடிக்கையாளர் டோக்கனையும் பின் எண்ணையும் சேர்த்துக் கணக்கரிடமே விட்டுவிடுவார். ஒரு காலத்தில் என் மேசை இழுப்பறையிலும் பதினேழு டோக்கன் இருந்தது. ஒரு நாள் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தேன். அது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42-ஆம் பிரிவில், தனிச் சாவியை, அதாவது டோக்கனுக்குள் இருக்கும் கையொப்ப ரகசியத்தை, தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் உரியவரின் கடமை என்றே இருக்கிறது. நம்பிக்கையானவர்தானே என்று நினைக்காதீர்கள், நான் நம்பிக்கையானவள்தான், என் இழுப்பறையை உடைப்பவர் அப்படி இல்லை. கையொப்பம் போடும் நாளில் நேரில் வாருங்கள். டோக்கன் தொலைந்தால், கொடுத்த நிறுவனத்திடம் அன்றே சொல்லி ரத்து செய்யுங்கள். பின் எண்ணை ஊகித்து ஊகித்துப் போடாதீர்கள், சில தடவைக்குப் பிறகு டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

முடியும் தேதியைத் திறந்து பார்த்து, அதற்கு நாற்பது நாள் முன்னால் காலண்டரில் குறித்துவிடுங்கள். புதுப்பிக்க வீடியோ சரிபார்ப்பு உண்டு, அதற்கு நல்ல சிக்னல் வேண்டும். டோக்கன் கூரியரில் வர வேண்டியிருக்கும், அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அது கீழேயே நிற்கும். புதியது கைக்கு வந்ததும் வருமான வரித் தளத்திலும் ஜிஎஸ்டி தளத்திலும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். பழையதைக் கடைசி நாள் வரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.